450 கோடியில் அடங்காத கணக்கு

மங்கள்யான் செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய பிறகு நான் எந்தக் கல்லூரிக்குப் பேசப் போனாலும் முதல் கேள்வி ஒன்றாகத்தான் இருந்தது: "450 கோடியில் எப்படி சார் முடிச்சீங்க?" அகமதாபாத் ஆட்டோவில் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய், செவ்வாய்க்கு ஏழே ரூபாய் என்று 2014 செப்டம்பரில் பிரதமர் நியூயார்க்கில் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. சுமார் 65 கோடி கிலோமீட்டர் பயணம், 450 கோடி ரூபாய் செலவு. வகுத்துப் பார்த்தால் அந்த விடைதான் வரும். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 450 கோடிக்குள் எங்கள் மலை இல்லை.

மலை என்று நான் சொல்வது மகேந்திரகிரியை. திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், பணகுடி, காவல்கிணறு பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது. அனுமன் இலங்கைக்குத் தாவியது இந்த மலையிலிருந்துதான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. ராக்கெட் எதுவும் இங்கிருந்து கிளம்புவதில்லை. எஞ்சின்களை அசையாமல் பிணைத்து வைத்து, விண்ணில் எரிய வேண்டிய நேரம் முழுவதும் இங்கே எரிய வைத்துப் பார்ப்போம். விகாஸ் எஞ்சின் சோதனை நடக்கும் நாளில் அடிவார ஊர்கள் வரைக்கும் உறுமல் கேட்கும். நான் வேலை பார்த்தது வெளியே சத்தம் வராத பக்கத்தில். விண்கலத்தில் பொருத்தும் சிறிய எஞ்சின்களை வெற்றிட அறைக்குள் எரித்துப் பார்க்கும் பிரிவு அது. என் பணிக்காலம் அங்கேயே கழிந்தது.

அந்த எஞ்சின்களில் நான் அதிகம் பழகியது 'லாம்' என்று நாங்கள் கூப்பிடும் லிக்விட் அபோஜி மோட்டார். தள்ளுவிசை 440 நியூட்டன். 45 கிலோ எடையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு, அவ்வளவுதான். எரிபொருள் மோனோமெத்தில் ஹைட்ரசின். ஆக்சிஜன் தருவது நைட்ரஜன் ஆக்சைடுகளின் கலவை. இந்த இரண்டும் சந்தித்தாலே தீப்பற்றும், பொறி வேண்டாம். இரண்டுமே கொடிய நஞ்சு. அதனால் திரவத்தை ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்கு மாற்றுவதற்கு முன் காற்று எந்தத் திசையில் வீசுகிறது என்று பார்ப்போம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்று எப்படி இருக்கும் என்பது குமரி, நெல்லை மக்களுக்குத் தெரியும். உடம்பை முழுக்க மூடி, சுவாசிக்கத் தனிக் குழாய் வைத்த உடைக்குள் ஒரு மணி நேரம் நின்று வால்வு இணைப்பை மாற்றிவிட்டு வெளியே வருகிற டெக்னீஷியனின் சட்டையைப் பிழிந்தால் வியர்வை ஒழுகும்.

இந்தச் சிறு எஞ்சினைத் திறந்தவெளியில் வைத்து முழுமையாகச் சோதிக்க முடியாது. அதன் நாசில் வெற்றிடத்துக்காக வடிவமைத்தது. கழுத்தின் பரப்பைப்போல 160 மடங்கு விரிந்து வாய் திறக்கும். நம் தலைக்கு மேலிருக்கும் காற்றின் அழுத்தத்தில் அதை எரித்தால் சுவாலை நாசிலின் சுவரை விட்டுப் பிய்த்துக்கொண்டு வரும், உலோகம் அதிரும், அளவீடு எதுவும் நம்பத் தகாது. ஆகவே காற்றில்லாத அறை வேண்டும். காற்றை ஒருமுறை வெளியேற்றினால் மட்டும் போதாது. எஞ்சின் எரியும்போது நொடிக்கு நொடி அதுவே புகையைக் கக்கி அறையை நிரப்பும்; அந்தப் புகையை அதே வேகத்தில் இழுத்து வெளியே தள்ள வேண்டும். ஒருவர் கையில் தூக்கிவிடக்கூடிய எஞ்சினுக்காக, அதைச் சுற்றி ஒரு தொழிற்சாலையே கட்ட வேண்டியிருந்தது. பெரிய கலன், அதன் பின்னால் டிஃப்யூசர், அதற்கும் பின்னால் எஜெக்டர்கள், எல்லாவற்றையும் குளிர்விக்கத் தண்ணீர். இதைக் கட்டியது எந்தச் செவ்வாய்த் திட்டமும் இல்லை.

லாம் எஞ்சினே கோள்களுக்காகப் பிறந்ததில்லை. இன்சாட்-2 வரிசைச் செயற்கைக்கோள்களுக்காகச் செய்தது. 1992 ஜூலையில் இன்சாட்-2ஏ போனபோது அதைப் புவிநிலை வட்டப்பாதைக்கு ஏற்றியது இந்த எஞ்சின்தான். தொலைபேசிக்கும் தூர்தர்ஷனுக்கும் புயல் எச்சரிக்கைக்கும் என்று நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தில் வளர்ந்தது அது. 2008இல் சந்திரயான்-1ஐ நிலாவுக்குக் கொண்டுபோனதும் அதன் குடும்பமே. அந்தத் திட்டத்துக்கான 386 கோடியில் சுமார் 100 கோடி பெங்களூருக்கு அருகே பியாலாலுவில் ஆழ்விண்வெளித் தொடர்பு நிலையம் அமைக்கச் செலவானது. அங்கே நிற்கும் 32 மீட்டர் ஆன்டெனாதான் பிறகு மங்கள்யானின் குரலையும் கேட்டது. அதன் விலையும் அந்த ஏழு ரூபாய்க்குள் வராது.

செவ்வாய்க்கான ஒப்புதல் வேகமாக வந்தது. 2012 பட்ஜெட்டில் 125 கோடி ஒதுக்கினார்கள். ஆகஸ்ட் 3 அன்று அமைச்சரவை ஒப்புக்கொண்டது. 15ஆம் தேதி செங்கோட்டையில் மன்மோகன் சிங் அறிவித்தார். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. கிளம்பிவிட்டது. ஒப்புதலிலிருந்து ஏவுதல் வரை 15 மாதம். செவ்வாய்க்கான வாசல் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் திறக்கும் என்பதால் அந்த அவசரம். 15 மாதத்தில் எவராலும் புது எஞ்சின் செய்ய முடியாது. கையில் இருந்ததை எடுத்தோம். கையில் இருந்தது என்பதுதான் இங்கே முக்கியம்.

கையில் இல்லாத ஒன்றும் இருந்தது. முதலில் யோசித்தது ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட்டை. 2010இல் அது இரண்டு முறை தோற்றிருந்ததால் பி.எஸ்.எல்.வி.க்கு மாற வேண்டியதாயிற்று. பி.எஸ்.எல்.வி.யால் அந்த 1,337 கிலோ கலத்தை நேரே செவ்வாய்ப் பாதையில் வீச முடியாது. பூமியை நீள்வட்டத்தில் சுற்றவிட்டு, லாம் எஞ்சினை மறுபடி மறுபடி மூட்டி, வட்டத்தைப் பெரிதாக்கி, டிசம்பர் 1 நள்ளிரவு தாண்டியதும் பூமியை விட்டு அனுப்பினார்கள். பெரிய ராக்கெட் தயாராக இல்லாத சுமை முழுவதும் சின்ன எஞ்சின் தலையில் வந்து இறங்கியது. கலத்தின் எடையில் 852 கிலோ எரிபொருளும் ஆக்சிகரணியும்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குத் தூக்கம் போனது இதனால் இல்லை. புவிநிலைச் செயற்கைக்கோளில் லாம் ஓரிரு வாரங்களுக்குள் தன் வேலையை முடித்துவிடும். பிறகு குழாயை நிரந்தரமாக அடைத்துவிடுவார்கள். செவ்வாய்ப் பயணத்தில் ஒருமுறை எரித்த எஞ்சினைச் சுமார் 300 நாள் தூங்கவிட்டு மறுபடி எழுப்ப வேண்டும். அதற்குள் ஆக்சிகரணியின் ஆவி வால்வின் டெஃப்லான் சீலுக்குள் ஊறும், சீல் உப்பும். உலோகத்தை மெல்ல அரித்து உருவாகும் நுண்துகள் முடியளவு துளையில் போய் உட்காரலாம். எங்கள் பிரிவில் வால்வுகளைக் கழற்றிப் பூட்டியே வயதான ஓர் அண்ணாச்சி இருந்தார். ஊறப்போட்ட மாதிரி வால்வை ஹீலியம் கசிவுச் சோதனையில் மாட்டும்போது அவர் சொன்னார்: "ஓடுத மெஷினு கெடாது சார். சும்மா கெடக்கதுதான் கெடும்." அந்த ஆண்டு எங்கள் கவலை முழுவதும் அந்த வாக்கியத்தில் இருந்தது. தீர்வு எளிமையானது. பூமியைச் சுற்றும்போது ஒரு குழாய்த்தொகுதி. செவ்வாயை அடையும்போது அதுவரை திரவமே தொடாத இன்னொரு தொகுதி. பழையதை மூடிவிட்டுப் புதியதைத் திறந்துகொள்ளலாம். எளிமையானது என்று எழுதிவிட்டேன். கூடுதலாகப் போட்ட ஒவ்வொரு வால்வும் கசிய இன்னொரு இடம், அத்தனைக்கும் சோதனை உண்டு.

2014 செப்டம்பர் 22 பிற்பகலில் எஞ்சினை ஏறக்குறைய நான்கு நொடி எரித்துப் பார்த்தார்கள். எரிந்தது. எனக்கு உண்மையான நிம்மதி அன்றுதான். 24ஆம் தேதி காலை 7.17க்கு மூட்டிய எரிப்பு 24 நிமிடம் நீடிக்க வேண்டும். அதில் பெரும்பகுதி நேரம் கலம் செவ்வாய்க்குப் பின்னால் மறைந்திருந்தது. சமிக்ஞை வந்து சேரவே 12 நிமிடத்துக்கு மேல் ஆகும். எட்டு மணியளவில் வேகம் குறைந்த சேதி வந்தபோது அண்ணாச்சி வேட்டி கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அவர் ஓய்வுபெற்றிருந்தார். வரச்சொல்லி யாரும் கூப்பிடவில்லை.

திட்ட இயக்குநர் அருணன் எங்கள் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர் என்பதில் ஊருக்குப் பெருமை. அந்தப் பெருமையோடு 'மலிவு' என்ற பாராட்டும் சேர்ந்து வந்தது. அதை மனம் ஒப்பி என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. மலிவாக முடிந்தது உண்மை. அது ஏன் மலிவானது என்றால் முப்பது ஆண்டுகளாக அரசு கொடுத்துவந்த பணம் மலையடிவாரத்தில் அறைகளாகவும் குழாய்களாகவும் கை தேர்ந்த ஆட்களாகவும் சேர்ந்து கிடந்தது. 450 கோடி கடைசித் தவணை மட்டுமே.

இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. மலிவு என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அடுத்த மதிப்பீட்டுக்கு அதுவே அளவுகோலாகிவிடுகிறது. மங்கள்யானுக்குப் பிறகு ஒரு கூட்டத்தில் கணக்குத் துறையிலிருந்து வந்திருந்த ஒருவர் கேட்டார்: "செவ்வாய்க்கே 450தானே ஆச்சு? ஒரு எஞ்சினுக்கு இத்தனை டெஸ்ட் எதுக்கு?" மக்கள் பணத்துக்குக் காவல் இருப்பவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது. தகுதிச் சோதனை எஞ்சின் என்று ஒன்று செய்வோம். பறக்கப்போகும் எஞ்சினின் மறுபிரதி. அது எவ்வளவு நேரம் எரிய வேண்டுமோ அதைவிட நீளமாக, மோசமான அழுத்தத்திலும் வெப்பத்திலும் கலவையிலும் எரித்து அதன் எல்லையைக் கண்டுபிடிப்போம். அந்த எஞ்சின் ஒருநாளும் பறக்காது. அதன் விலையைத் திட்டச் செலவில் பார்க்கிறவருக்கு அது வீண் செலவாகத் தெரியும். பறக்கிற எஞ்சினைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் பறக்காத எஞ்சின் சொன்னதுதான் என்று அவருக்கு விளக்கினேன். ஒப்புதல் குறிப்பில் அந்த வரி வெட்டுப்படாமல் தப்பியது.

மார்ச் 31 என்ற தேதியோடு இந்தத் தொழிலுக்கு இருக்கும் உறவைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒதுக்கிய பணம் நிதியாண்டுக்குள் செலவாக வேண்டும். செலவாகாதது திரும்பிப் போகும். நாசிலுக்கான நயோபியம் கலவை உலோகமோ ஒரு விசேஷ வால்வோ அந்தத் தேதியைப் பார்த்து வந்து சேர்வதில்லை. 1998 பொக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கத் தடைப்பட்டியலில் எங்கள் திரவ உந்துவிசை மையத்தின் பெயரும் இருந்தது. 2011 ஜனவரியில்தான் நீங்கியது. அந்தக் காலத்தில் ஒரு சாதாரண அழுத்தமானிகூட எங்களுக்கு விற்க மாட்டார்கள். உள்ளூரில் செய்யக் கற்றோம். கற்பதற்கு ஆன ஆண்டுகளுக்கும் யாரோ சம்பளம் கொடுத்தார்கள்.

அரசு துணை நின்றதா என்பதை நான் அளப்பது ஒப்புதல் கிடைத்த நாளை வைத்து அல்ல, தோல்விக்கு மறுநாளை வைத்து. கிரையோஜெனிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். திரவ ஹைட்ரஜனை மைனஸ் 253 டிகிரியில் வைத்து எரிக்கும் தொழில்நுட்பத்தை ரஷ்யாவிடம் வாங்க 1991இல் ஒப்பந்தம் போட்டோம். அமெரிக்க நெருக்குதலில் 1993இல் ரஷ்யா தொழில்நுட்பத்தைத் தர மறுத்தது. செய்துமுடித்த எஞ்சின் நிலைகளை மட்டும் அனுப்பியது. அடுத்த ஆண்டே நாமே செய்வது என்று முடிவானது. நம் முதல் கிரையோ நிலை பறந்தது 2010 ஏப்ரல் 15. எரிபொருள் பூஸ்டர் பம்ப் நின்றுபோனது. ராக்கெட் கடலில் விழுந்தது. பதினாறு ஆண்டு உழைப்பு. அன்று பணத்தை நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நிறுத்தவில்லை. வெற்றிடத்தில் அந்த எஞ்சின் பற்றுகிறதா என்று சோதிக்கும் வசதி மகேந்திரகிரியில் எழுந்தது, 2013இல் சோதனையும் முடிந்தது, 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி. வென்றது. அந்தப் பதினாறும் நான்கும் சேர்ந்த அறிவில்தான் எல்.வி.எம்.3இன் பெரிய கிரையோ நிலை வந்தது. அது இல்லையென்றால் சந்திரயான்-2ம் இல்லை, 3ம் இல்லை.

நிலவில் இறங்குவதற்கான லேண்டரையும் ரஷ்யாவே தருவதாக இருந்தது. 2011இல் அவர்களுடைய ஃபோபோஸ்-கிரண்ட் கலம் தோற்றபின் விலகிக்கொண்டார்கள். அதனால் நமக்கு விசையைக் கூட்டிக் குறைக்கக்கூடிய 800 நியூட்டன் எஞ்சின் தேவைப்பட்டது. லாம் எஞ்சினிலிருந்து வளர்ந்ததுதான் அதுவும். எங்களுக்கு அது புது உலகம். லாம் ஒரே சீராக எரியும். இது நொடிக்கு நொடி கட்டளைக்கு ஏற்பத் தணிந்து உயர வேண்டும். பாதி விசையில் கலவை விகிதம் சற்றே நழுவினால் சுவர் சூடாகும். 2019 செப்டம்பர் 7 அதிகாலை சந்திரயான்-2இன் லேண்டரான விக்ரம் வேகமாக மோதி நொறுங்கியது. எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றே கூடுதல் விசை தந்ததும், சேர்ந்துவந்த பிழையைத் திருத்தக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருளில் அதற்கு வரம்பு இருந்ததும் ஆய்வில் தெரிந்தது. சில மாதங்களில், 2020 ஜனவரி 1 அன்று, சந்திரயான்-3க்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று இஸ்ரோ தலைவர் சிவன் அறிவித்தார். அந்தப் புத்தாண்டு அறிவிப்பை நான் இன்றும் மதிக்கிறேன்.

அடுத்து நடந்தவை முழுக்கச் சோதனை. ஹெலிகாப்டரில் உணரிகளை ஏற்றிப் பறந்தார்கள். உயர்ந்த கிரேனில் லேண்டரைத் தொங்கவிட்டு எஞ்சின்களை நிஜமாகவே எரித்தார்கள். நிலா மண்ணுக்கு நிகராக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்த மண் ஏற்கெனவே கிடைத்திருந்தது. இறங்குமிடம் அரைக் கிலோமீட்டர் சதுரமாக இருந்ததை 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். நடு எஞ்சினை எடுத்துவிட்டு நான்கோடு நிறுத்தினார்கள். வென்றால் எப்படி என்று வரைந்ததை விட்டு, எது எது தவறினாலும் இறங்க வேண்டும் என்று வரைந்த கலம் அது. திட்ட இயக்குநரான விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேலின் குழு 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04க்கு அதை இறக்கியது. அதே திட்டத்தின் உந்துகலத்தில் 100 கிலோவுக்கு மேல் எரிபொருள் மிச்சமிருந்தது. அதை வைத்து, திட்டத்தில் இல்லாத ஒரு காரியமாக, அந்தக் கலத்தை நிலவிலிருந்து பூமியின் சுற்றுப்பாதைக்குத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அந்த மிச்சமும் தரையில் செலவழித்ததன் பலன்.

இப்போது பெரிய ஒப்புதல்கள் வந்திருக்கின்றன. 2024 செப்டம்பர் 18 அன்று ஒரே நாளில் சந்திரயான்-4க்கு 2,104 கோடி, வெள்ளிக் கோளுக்கு 1,236 கோடி, அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 8,240 கோடி. மனம் நிறைகிறது. கூடவே செமி-கிரையோ எஞ்சின் நினைவுக்கு வருகிறது. மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் இயங்கும் 2,000 கிலோநியூட்டன் எஞ்சினுக்கு 2008இலேயே ஒப்புதல் கிடைத்தது. அதை முழுமையாகச் சோதிக்கும் நிலையம் மகேந்திரகிரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது 2024 பிப்ரவரியில். அதன் தலைப்பகுதி இரண்டரை நொடி எரிந்து நம்பிக்கை தந்தது 2025 மார்ச் 28 அன்று. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ இளம் பொறியாளர்கள் நடுவயதாகிவிட்டார்கள். எஞ்சினுக்கு ஒப்புதல் தரும் அதே தாளில், அதே நாளில், அதைச் சோதிக்கும் மேடைக்கும் பணம் தர வேண்டும். முடிந்தால் ஓராண்டு முன்பே. நிதி அமைச்சகத்திடம் எனக்கு ஒரு கோரிக்கை வைக்க வாய்ப்புக் கிடைத்தால் இதைத்தான் வைப்பேன்.

சந்திரயான்-4 நிலா மண்ணை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். இரண்டு எல்.வி.எம்.3 ராக்கெட்டுகள், ஐந்து கலப்பகுதிகள். அதில் மேலெழும் கலத்தின் எஞ்சின், இறங்கிய கலத்தின் தலையிலேயே உட்கார்ந்தபடி மூள வேண்டும். சுவாலைக்குக் கீழே இறங்க இடம் இருக்காது. தட்டில் மோதித் தன் மேலேயே திரும்பி வரும். அந்தக் கணத்தில் நாசிலின் விளிம்பில் வெப்பம் எவ்வளவு, கலம் எந்தப் பக்கம் சாயும் என்பதைக் காகிதத்தில் ஓரளவுக்குத்தான் கணக்கிட முடியும். எஞ்சினுக்குக் கீழே தட்டு வைத்து, வெற்றிடத்தில், சாய்வை மாற்றி மாற்றி எரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு இப்போது இருக்கும் அறை போதுமா, பெரிதாகக் கட்ட வேண்டுமா, அப்படியானால் அந்தப் பணம் 36 மாதக் கெடுவின் எந்த ஆண்டில் வரும் என்று, வள்ளியூர் பக்கம் பழைய சகாக்களைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.